துரைமார் நாட்டுக் கூலிக்காரர்

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



துரையின் ஆங்கிலம் காதில் விழுந்தாலே நம் பாட்டன்மார் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். அந்த ஆங்கிலம் தன் சொந்த நாட்டிலேயே குடியானவன் பாஷையாகக் கிடந்த காலமுண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. ஆங்கிலத்தில் வழக்காடச் சட்டம் வந்தது 1362-இல்தான். ஏறக்குறைய 300 ஆண்டு!

சங்கத்தின் கதை அதைவிடக் கசப்பானது. டால்பட்டில் கிராமத்தில் வயலில் உழைத்தவர்களின் வாரக் கூலி 7 ஷில்லிங்காகக் குறைந்தது. 6 ஆக்குவதாகவும் பேச்சு. அவர்கள் சத்தியம் செய்து சங்கம் சேர்ந்தார்கள். அந்தச் சத்தியத்தையே குற்றமாக்கி, 1834-இல் 6 பேருக்கு 7 ஆண்டுத் தண்டனை விதித்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஊரெல்லாம் கிளர்ச்சி, 1836-இல் மன்னிப்பு வந்தது. 1871-இல் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடைத்தது.

மூன்றே ஆண்டில், 1874-இல், அதே ஆங்கிலேயர் நம் சுங்கை ஊஜோங்கில் அதிகாரத்துடன் வந்து அமர்ந்தார்கள். கச்சேரி வந்தது, ரயில் வந்தது, பின்னே ரப்பரும் நாமும் வந்தோம். சங்கச் சட்டம் மட்டும் கப்பலேறவில்லை! இங்கே அது எழுதப்பட்டது 1940-இல். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது 1954-இல். அங்கே சட்டம் வந்து இங்கே வர இடையில் 69 ஆண்டு. அதற்குள் எத்தனை பாட்டன்மார் மரம் சீவியே லயத்தில் கண் மூடினார்கள்!