அளவுகோல் யார் கையில்?

(மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமமொன்றின் வாசிகசாலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவிலே இம்முறை அழகுராணிப் போட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றனர் இளைஞர் சிலர். கூடாது, அது நம் பண்பாட்டுக்கு இழுக்கு என்கின்றனர் பெரியோர் சிலர். இரு சாராரும் ஒன்றுகூடி, "உலகிலே இந்தப் போட்டி எப்படித் தோன்றியது, எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்லுங்கள், கேட்டபின் முடிவு செய்கிறோம்" என்று என்னை அழைத்திருக்கின்றனர். கேட்டபின் முடிவு செய்வது நல்ல வழக்கம். அதற்காக முதற்கண் உங்களைப் பாராட்டுகிறேன்.

கதை 1951-ஆம் ஆண்டிலே தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் நொந்துபோன பிரித்தானியா, தன் மக்களின் சோர்வை நீக்க அவ்வாண்டு நாடு தழுவிய பெருவிழா ஒன்றை எடுத்தது. நடன மண்டபங்கள் நடத்திவந்த மெக்கா என்னும் கம்பனியில் விளம்பர வேலை பார்த்தவர் எரிக் மோர்லி என்பவர். விழாவுக்கு வரும் கூட்டத்தைத் தம் கம்பனியின் பக்கம் ஈர்க்க என்ன வழி என்று அவர் யோசித்தார். அக்காலத்தில் புதிதாக வந்திருந்த ‘பிக்கினி' என்னும் நீச்சலுடையை அணிந்த பெண்களை மேடையேற்றிப் போட்டி வைப்பது என்று முடிவு செய்தார். பங்குபற்றியவர்களில் பெரும்பாலோர் பிரித்தானியப் பெண்களே. ஆயினும் பத்திரிகைகள் அதற்கு ‘உலக அழகுராணிப் போட்டி' என்று நாமகரணம் செய்துவிட்டன! சுவீடன் நாட்டுக் கிக்கி ஹாகன்சன் முதல் முடியைச் சூடினார்.

ஒருமுறை மட்டும் நடத்தி விட்டுவிடவே மோர்லி எண்ணியிருந்தார். ஆனால் அமெரிக்காவிலும் அப்படி ஒரு போட்டி எழப் போகிறது என்று கேள்விப்பட்டதும், தம்முடையதை ஆண்டுதோறும் நடத்தத் துணிந்தார்.

அந்த அமெரிக்கப் போட்டி பிறந்த விதம் இன்னும் சுவையானது. யோலண்ட் பெட்பீஸ் என்ற பெண் 1951-ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க அழகுராணியாகத் தெரிவானார். அவர் இசை பயின்றவர். முடி சூடியபின், நீச்சலுடையில் ஊர் ஊராகச் சென்று காட்சி தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். போட்டிக்குப் பொருளுதவி செய்த நீச்சலுடைக் கம்பனிக்குக் கோபம் வந்தது. "உங்கள் போட்டி எங்களுக்கு வேண்டாம்; நாங்களே ஒன்று நடத்துகிறோம்" என்று பிரிந்து சென்றது. 1952-இல் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் ‘பிரபஞ்ச அழகுராணிப் போட்டி' தோன்றியது இவ்வாறுதான். முதல் முடி பின்லாந்து நாட்டு ஆர்மி கூசெலாவுக்குக் கிடைத்தது.

இரண்டு போட்டிகளின் தொட்டிலையும் பார்த்தீர்களா? ஒன்றை ஆட்டியது நடன மண்டப வியாபாரம். மற்றதை ஆட்டியது துணி வியாபாரம். உலகம் என்றும் பிரபஞ்சம் என்றும் பெயர் பெரிது. கணக்குப் புத்தகமோ கம்பனியின் மேசையிலே இருந்தது! பின்னொரு காலத்தில், 1996 முதல் 2015 வரை, இந்தப் பிரபஞ்சப் போட்டி டொனால்ட் ட்ரம்ப் என்ற செல்வரின் கையில் இருந்தது. அவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வரலாற்றின் முதற் பக்கத்திலேயே, ‘மாட்டேன்' என்று சொன்ன ஒரு பெண் நிற்கிறாள். அவளை மறந்துவிடாதீர்கள்.

நம் நாட்டின் பங்கு என்ன? 1955-ஆம் ஆண்டு லோங் பீச்சில் நடந்த போட்டியிலே, கொழும்பைச் சேர்ந்த பறங்கிய இனப் பெண் மொரீன் ஹிஞ்சேட் மூன்றாம் இடத்தைப் பெற்றார். பின்னர் அமெரிக்கத் திரைப்படங்களிலும் நடித்தார். ‘இலங்கை' என்ற பெயரை மார்பிலே தாங்கி உலக மேடையில் நின்றவர் சிறுபான்மையினத்துப் பெண். அதற்கு அடுத்த ஆண்டே, 1956-இல், சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டம் வந்தது. தமிழருக்கு அது என்ன செய்தது என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். பறங்கியரோ பெருந்தொகையாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். ஒரு பெண்ணின் மார்பிலே நாட்டின் பெயரைக் கட்டுவது எளிது. அவளுடைய இனத்துக்கு அந்த நாட்டிலே சமமான இடம் கொடுப்பதுதான் கடினம்!

இந்தப் பெயர்ப் பட்டியின் பொய்ம்மை 1970-இல் இலண்டன் மாநகரிலே இன்னும் தெளிவாக வெளிப்பட்டது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவிலிருந்து அவ்வாண்டு இரு பெண்கள் வந்தனர். வெள்ளை இனப் பெண்ணுக்குத் ‘தென்னாபிரிக்கா' என்ற பட்டி. பேர்ள் ஜான்சன் என்ற கறுப்பினப் பெண்ணுக்கோ ‘ஆபிரிக்கா தெற்கு' என்ற பட்டி! சொல்லைப் புரட்டிப் போட்டால் அநீதி நீதியாகிவிடுமா? ஆயினும் அன்றிரவு முடி சூடியவர் கிரனடாத் தீவின் ஜெனிபர் ஹொஸ்ரன். உலக அழகுராணியான முதற் கறுப்பினப் பெண் அவரே. இரண்டாம் இடம் பெற்றவர் அந்தப் பேர்ள் ஜான்சனே.

அதே இரவில், அதே மண்டபத்தில், பெண் விடுதலை இயக்கத்தினர் எழுந்தனர். மாப்பொட்டலங்களை மேடை நோக்கி வீசினர். துண்டுப் பிரசுரங்களைத் தூவினர். மாட்டுச் சந்தையிலே மாட்டைப் பார்ப்பதுபோலப் பெண்ணைப் பார்க்காதே என்பது அவர்கள் வாதம். தொலைக்காட்சியிலே இலட்சக்கணக்கானோர் அக்காட்சியைக் கண்டனர்.

ஆகவே மேடைக்குக் கீழே நின்று எதிர்த்த பெண்களும் உண்டு. மேடையின் மேலே நின்று நிற வேலியை உடைத்த பெண்களும் உண்டு. இவர்களில் யார் சரி என்று என்னைக் கேட்டால், இருவருமே தங்கள் வாயால் தங்கள் வழக்கைச் சொன்னவர்கள் என்பேன்.

அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1966-இல், பம்பாய் மருத்துவக் கல்லூரி மாணவி ரீற்றா பாரியா உலக அழகுராணியானார். ஆசியாவிலிருந்து அப்பட்டத்தை முதலில் வென்றவர் அவரே. பணமும் படவுலகமும் அழைத்தன. அவரோ மருத்துவப் படிப்புக்கே திரும்பி வைத்தியரானார். முடி அவரை ஆளவில்லை; அவர்தாம் முடியை ஆண்டார்.

இனி, இப்போட்டியை எதிர்த்த வேறொரு கூட்டத்தைப் பார்ப்போம். 1996-இல் பெங்களூரிலே உலக அழகுராணிப் போட்டி நடந்தது. பெண்ணுரிமை இயக்கத்தார் எதிர்த்தனர், விவசாயிகள் எதிர்த்தனர். அவர்கள் கேட்ட கேள்விகளிலே நியாயம் இருந்தது. பண்பாட்டுக் காவலர்களும் எதிர்த்தனர். எதிர்ப்பு வலுக்கவே, நீச்சலுடைச் சுற்றைச் சீஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் நடத்தினர். போட்டிக்குச் சில நாள் முன்பு மதுரையிலே ஓர் இளைஞர் அப்போட்டியை எதிர்த்துத் தீக்குளித்து மாண்டார். யாருடைய மானத்தைக் காக்க அந்த உயிர் எரிந்தது? அந்தப் பெண்களில் எவராவது அவரை எரியச் சொன்னார்களா?

2002-இல் நைஜீரியாவிலே இப்போட்டியை நடத்த முற்பட்டபோது, பத்திரிகைக் கட்டுரையொன்றைச் சாட்டாக வைத்துக் கடுனா நகரில் மதக் கலவரம் மூண்டது. 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். போட்டி இலண்டனுக்கு மாற்றப்பட்டது, மாண்டோர் மீளவில்லை. பெண்ணின் உடையைப் பற்றி ஆண்கள் வாதாடத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆண்டுகள் செல்லச் செல்ல அளவுகோல்கள் மாறின. நீச்சலுடைச் சுற்று இனி இல்லை என்று உலக அழகுராணிப் போட்டியினர் 2014 டிசெம்பரில் அறிவித்தனர். எந்த உடையிலே பிறந்ததோ, அந்த உடையையே 63 ஆண்டுகளின் பின் அது கழற்றி வைத்தது! பிரபஞ்ச அழகுராணிப் போட்டி 2023-இல் மணமானவர்களையும் தாய்மாரையும் அனுமதித்தது. 2024-இல் வயது வரம்பையும் நீக்கியது. மாற்ற முடியாத விதி என்று அவர்கள் சொல்லி வந்ததெல்லாம் மாறத்தக்கதே என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டனர்.

ஆனால் நம் நாட்டிலே நடந்தது என்ன? மணமான பெண்களுக்கென நடக்கும் திருமதி உலகப் போட்டியின் முதற் பட்டம் இலங்கைக்கே கிடைத்தது. அதைப் பெற்ற ரோசி சேனநாயக்க பின்னர் அரசியலில் இறங்கி, 2018-இல் கொழும்பு மாநகரின் முதற் பெண் மேயரானார். அந்தப் பெருமை ஒரு பக்கம். மறுபக்கத்தைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் கொழும்பு அரங்கிலே திருமதி இலங்கைப் போட்டியில் ஒரு பெண் வென்றார். நாடே தொலைக்காட்சியிலே பார்த்துக்கொண்டிருக்க, அப்போது திருமதி உலகப் பட்டம் தாங்கியிருந்தவர் மேடையேறி, "இவர் விவாகரத்தானவர்; தகுதியில்லை" என்று கூறி, வென்றவரின் தலையிலிருந்து முடியைப் பிடுங்கினார். தலையிலே காயம். விவாகரத்து ஆகவில்லை, கணவரைப் பிரிந்து வாழ்கிறார் என்று பின்னர் தெரிந்தது. முடி திரும்பக் கிடைத்தது. அதைப் பெற்றுக்கொண்டவர், தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு அதைக் காணிக்கையாக்குவதாகச் சொன்னார்.

தாய்மார்களே, அச்சொல் கொழும்பு அரங்கிலே சொல்லப்பட்டது. ஆனால் அது வந்து சேரவேண்டிய இடம் இந்த வாவிக்கரை. போர் கணவனைக் கொண்டுபோன வீடுகள் எழுவான்கரையிலும் உண்டு, படுவான்கரையிலும் உண்டு. விறகு சுமந்தும், வயலில் கூலிக்கு நின்றும், நெசவு நெய்தும் பிள்ளைகளைக் கரையேற்றிய தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். கணவன் இருக்கிறானா இல்லையா என்பதைக் கொண்டு உங்களுடைய தகுதியை அளக்க எவருக்கு உரிமை உண்டு?

"அது மேடைக் கூத்து, நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று. நம் பிரதேசத்தின் வழக்கு என்ன? வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும். மணமான மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். குடி எதுவென்று கேட்டால் தாயின் குடியைச் சொல்வோம். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கிச் சென்றபின், புது வீடுகள் எழுந்தன. ஆனால் படிவத்திலே ‘குடும்பத் தலைவர்' என்றொரு கூடு இருந்தது. அந்தக் கூட்டிலே ஆணின் பெயர் எழுதப்பட்டது. தாய் வழியாய் வந்த வளவு போய், பல இடங்களிலே வீட்டின் உறுதி ஆணின் பெயரில் வந்தது. மட்டக்களப்புப் பெண்கள் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். இலண்டன் மேடையில் நாடா பிடித்து இடையை அளந்தவனும், கந்தோர் மேசையிலே படிவத்தை விரித்துத் ‘தலைவர் யார்' என்று கேட்டவனும் செய்தது ஒரே வேலை. அளவுகோலைப் பெண்ணைக் கேளாமல் செய்தார்கள். பிறகு அவளைக் கொண்டுவந்து அதன்கீழ் நிறுத்தினார்கள்!

பண்பாடு பேசும் பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிபாளையத்திலும் வந்தாறுமூலையிலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகியம்மன் குடியிருக்கிறாள். வைகாசி பிறந்தால் சடங்கு, குளிர்த்தி. அங்கே பாடப்பெறுவது என்ன? வழக்குரை! அரச சபையிலே தனியளாய் நுழைந்து, கையிலே ஒற்றைச் சிலம்பேந்தி, மன்னனைப் பார்த்து வழக்குரைத்தவளின் வரலாறு. அவளும் ஒரு சபையிலே நின்றாள். எல்லாக் கண்களும் அவளைப் பார்த்தன. அன்று அங்கே அளக்கப்பட்டவள் அவளா? இல்லை! அளக்கப்பட்டது அரசனின் நீதி. பெண் சபையேறுவது பண்பாட்டுக்கு இழுக்கென்றால், நாம் ஆண்டுதோறும் யாருக்குக் குளிர்த்தி செய்கிறோம்?

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உலகம் செய்வதை நாமும் செய்வோம் என்கிறீர்கள். அந்த உலகமே தான் செய்ததைத் திருத்திக்கொண்டு வருகிறது. அவர்கள் கழித்துப் போட்ட நாடாவை நீங்கள் எடுத்துவந்து, நம் தங்கைமாரை அளக்கப் போகிறீர்களா?

கடைசியாக உங்கள் வழக்குக்கு வருகிறேன். இங்கே வருமுன் ஒரு கணக்குக் கேட்டேன். போட்டி வேண்டும் என்று கையொப்பமிட்ட விழாக் குழுவினர் பதினொருவர். வேண்டாம் என்று கையொப்பமிட்ட பெரியோர் எழுவர். ஆக, பதினெட்டுப் பேர். அந்தப் பதினெட்டுப் பேரில் பெண்கள் எத்தனை பேர்? ஒருவருமில்லை! மேடையேற வேண்டியவள் பெண், ஏறக்கூடாதவளும் பெண். ஆனால் ஏறலாமா கூடாதா என்று தீர்ப்பவன் மட்டும் ஆண்!

என் முடிவு இதுதான். போட்டியை நடத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நிறுத்துங்கள் என்றும் சொல்ல மாட்டேன். சொல்லும் உரிமை எனக்கில்லை. விழாக் குழுவைக் கலைத்துவிட்டுப் புதிதாக அமையுங்கள். அதிலே பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுங்கள். இந்த ஊர்க் குமரிகளும் தாய்மாரும் கூடியிருந்து பேசட்டும். வேண்டாமென்றால், அந்த நேரத்துக்கு வேறு எதை வைப்பது என்று அவர்களே சொல்லட்டும். வேண்டுமென்றால், எதை அளப்பது, யார் அளப்பது என்பதையும் அவர்களே வகுக்கட்டும். அவர்கள் எதைத் தீர்மானித்தாலும் அதற்குப் பந்தல் போட்டுக் கொடுப்பது ஆண்களின் கடமை.

முடியைச் சூட்டுவதாலும் பெண் உயரமாட்டாள். முடியைப் பிடுங்குவதாலும் அவள் மானம் காக்கப்படாது. அளவுகோல் அவள் கைக்கு வரவேண்டும். அடுத்த ஞாயிறு கூடும் கூட்டத்திலே, முன்வரிசை நாற்காலிகளில் அவர்களை நான் காண வேண்டும்.