சிதம்பரத்தில் கேட்ட கேள்வி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற ஆனித் திருமஞ்சனத்தின்போது தில்லைக் கூத்தனைத் தரிசிக்கும் பேறு எங்களுக்குக் கிடைத்தது. தரிசனம் முடிந்தபின் அண்ணாமலைநகரிலுள்ள பல்கலைக்கழகத்தையும் பார்த்து வந்தோம். அங்கே நிகழ்ந்த ஒன்றையே இன்று சொல்ல விரும்புகிறோம்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய கல்விக்கூடம் அது. ஈழத்தவருக்கு அது அந்நியமான இடமன்று. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார்கள். அடிகளே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆனார்கள். தனிநாயகம் அடிகள் தமிழ் பயின்றதும் அங்கேதான். அதற்கும் முன்னர், 1864இல், நாவலர் பெருமான் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். இவற்றையெல்லாம் நினைந்து, நிமிர்ந்த நெஞ்சோடுதான் உள்ளே நுழைந்தோம்.

மாணவர்கள் அன்போடு வரவேற்றார்கள். தேநீர் தந்தார்கள், மரநிழலில் அமர்ந்து அளவளாவினோம். "நீங்கள் யாழ்ப்பாணமா?" என்றார் ஒருவர். "இல்லை, இரத்தினபுரி" என்றோம். பலருக்கு அப்பெயர் விளங்கவில்லை. ஒரு மாணவி மட்டும் எழுந்து எங்கள் அருகே வந்தார்.

"என் பாட்டி பிறந்தது இரத்தினபுரிப் பக்கம்தான்" என்றார் அவர்.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் எண்ணிக்கை பேசி முடித்தன. அந்த எண்ணிக்கையில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறியவர் அந்தப் பாட்டி. திரும்பி வந்தோருக்கென 1968இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில், கூடலூர்ப் பக்கத்தில், கொழுந்து பறித்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்.

"இங்கே பாட்டியைச் சிலோன்காரி என்றுதான் சொல்வார்கள்" என்றார் மாணவி. எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இங்கே நம் பாட்டிமாரை இந்தியாக்காரர் என்றல்லவா சொன்னார்கள்!

லயம், பிரட்டுக்களம், பால்வெட்டு என்று நம் தோட்டச் சொற்களை அவர் வரிசையாகச் சொன்னார். பின்பு ஒரு கேள்வி கேட்டார்: "இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில். அதன் மணி, பாட்டியின் தகப்பனார் காலத்தில் சம்பளத்தில் சந்தா பிடித்து வாங்கியதாம். அது இன்னும் இருக்கிறதா?"

எங்களுக்குத் தெரியவில்லை. நாவலரையும் அடிகளாரையும் பற்றிப் பேசக் கற்றிருந்தோம்; நம் மலையிலுள்ள ஒரு மணியைப் பற்றிப் பேசத் தெரியாமல் தலைகுனிந்தோம்.

ஊர் திரும்பியதும் அந்தத் தோட்டத்தைத் தேடிச் சென்றோம். கோயில் இருந்தது; மணியும் இருந்தது. வயது முதிர்ந்த ஒரு தாயார் அந்தக் குடும்பத்தை நினைவுகூர்ந்தார். அவர் கையாலேயே மணியை அடிக்கச் செய்து, அவ்வோசையைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பினோம். பாட்டி அதை மறுபடியும் மறுபடியும் போடச் சொன்னாராம். அன்றுமுதல் அந்த மாணவர்களோடு எங்கள் தொடர்பு அறவில்லை.

இளைஞர்களே! 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. ஆனால் நாம் யார் என்பதைச் சட்டம் எழுதித் தராது. பல்கலைக்கழகம் புகுங்கள்; கடல் கடந்தும் கற்கச் செல்லுங்கள். செல்லுமுன் உங்கள் லயத்திலுள்ள முதியவர் ஒருவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியோர்களே! பிள்ளைகள் வந்து கேட்டால், "அதெல்லாம் பழங்கதை" என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு மலரில் அக்கதைகள் இடம்பெறத் தில்லையம்பலவன் திருவருள் புரிவானாக.