மாடி கட்டி வந்ததல்ல மூளை

தலைமை ஏற்பவர் வாழ்த்திவிட்டு உட்கார்ந்துகொள்வதுதான் வழக்கம். நான் ஒரு சண்டையோடு தொடங்குகிறேன், பொறுத்தருளுங்கள்.

அடியில் ஊர்வன மூளை, அதன்மேல் உணர்ச்சிக்குப் பாலூட்டி மூளை, உச்சியில் சிந்திக்கும் மனித மூளை. அமெரிக்க நரம்பியலாளர் பால் மெக்லீன் 1960களில் முன்வைத்த இந்தக் கருத்து, நம்மூர்த் தன்னம்பிக்கை வகுப்புகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டு வீட்டின்மேல் மாடி எழுப்புவதுபோல் பரிணாமம் மூளையைக் கட்டியது என்று கேட்க இதமாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல. 'பல்லி மூளை' என்று இவர்கள் சொல்லும் அடித்தள நரம்புத்திரள்கள் லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனிலேயே உள்ளன. அதன் மரபும் நம் மரபும் பிரிந்து ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் ஆகின்றன. போகட்டும், பல்லிக்கும் மேல்மூளை உண்டே!

கருவில் நடப்பதைப் பாருங்கள். வளரும் மூளையின் அடிப்பக்கத்து மேடு ஒன்றில் பிறக்கும் நரம்பணுக்களில் ஒரு பகுதி அடித்தளத் திரள்களுக்குப் போகிறது. இன்னொரு பகுதி நகர்ந்து நகர்ந்து பெருமூளைப் புறணியில் குடியேறுகிறது. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே தாய்வீடு. சென்னை ஐ.ஐ.டி. 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' கரு மூளைத் தொகுப்பில் 5,132 சீவல்கள் இருக்கின்றன. யாரும் பார்க்கலாம். முதுகலை மாணவர்கள் பாடநூலை ஒருநாள் மூடிவைத்துவிட்டு அதைத் திறக்க வேண்டும்.

இனி நம் அக்கம்பக்கம். தடாகம் பள்ளத்தாக்கில் ராத்திரி வாழைத்தோப்பில் இறங்குகிறதே யானை, அதன் மூளை நம்முடையதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் எடை. பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹௌசல் குழு ஓர் ஆப்பிரிக்க யானையின் மூளையில் நரம்பணுக்களைக் கணக்கிட்டு 2014இல் வெளியிட்டது: 25,700 கோடி. நமக்கு 8,600 கோடிதான். ஆனால் யானையின் கணக்கில் ஏறத்தாழ 98 விழுக்காடு சிறுமூளையில் இருக்கிறது! புறணியில் 560 கோடி மட்டும். நமக்கோ 1,600 கோடி. எலும்பில்லாத தும்பிக்கையை ஆளத்தான் அவ்வளவு பெரிய சிறுமூளை என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது ஏற்புடையதே. தும்பிக்கை உட்பட முகத்தசைகளை இயக்கும் நரம்பணுக்களைப் பெர்லின் ஆய்வாளர்கள் எண்ணி 2022இல் எழுதினார்கள். ஆப்பிரிக்க யானைக்குச் சுமார் 63,000, நம் ஆசிய யானைக்கு 54,000. அதற்குத் தும்பிக்கை நுனியில் இரண்டு விரல். இதற்கு ஒன்றே, ஆகவே பொருளைச் சுருட்டிப் பிடிக்கிறது. உடம்பும் பழக்கமும் மாறிய வழியிலேயே மூளையும் மாறியிருக்கிறது.

ஆனைமலைச் சோலைமந்தியும் அப்படித்தான். ரோமப்புழுவை இலையால் தேய்த்துத் தின்னும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. நமக்குச் சொந்தம்தான், ஆனால் முப்பாட்டன் அல்ல. பொது மூதாதையிலிருந்து பிரிந்து சுமார் 2.5 கோடி ஆண்டுகளாகத் தன் வழியில் அதுவும் மாறித்தான் வந்திருக்கிறது.

முடிக்கும் முன் யானைக்குத் திரும்புகிறேன். நான் சொன்ன 25,700 கோடிக் கணக்கு ஓர் ஆப்பிரிக்க யானையுடையது. நம் யானையின் மூளையை நாம் எண்ண வேண்டாமா? நம் காட்டு யானை இறந்தால் பிரேதப் பரிசோதனை நடக்கிறது, புதைக்கிறோம். மண்டையோட்டைத் திறப்பது லேசான வேலையல்ல. வெயிலில் மூளை சீக்கிரம் கெட்டுப்போகும். அதை நேரத்துக்கு எடுத்துப் பத்திரப்படுத்த என்ன வழி? வனத்துறை அனுமதியை யார் கேட்பது? பிற்பகல் அமர்வில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். இதைப் பேசி ஒரு முடிவு எடுக்காமல் அந்த அமர்வைக் கலைக்க வேண்டாமுங்க.