அடுத்த அடி

நாம் குடியேறி வாழும் இம்மும்பையில் பிறந்தவர் மைக்கேல் ஃபெரைரா. 1978-ஆம் ஆண்டு தேசிய பில்லியர்ட்ஸ் போட்டியில், இடையறாத ஒரே ஆட்டத்தொடரில் 1149 புள்ளிகள் குவித்தார். அமெச்சூர் ஆட்டக்காரருள் ஆயிரத்தைக் கடந்த முதல்வர் அவரே.

மேசைமீது மூன்றே பந்துகள். ஓர் அடிக்குக் கிடைப்பன பெரும்பாலும் இரண்டு, மூன்று புள்ளிகளே. ஆதலின் நூற்றுக்கணக்கான அடிகளுள் ஒன்றும் பிசகலாகாது. பிசகினால் எதிராளியின் முறை வந்துவிடும். தொடர் அத்துடன் முடிந்தது.

எனவே வல்லவன் இப்போதைய அடியோடு நிற்பதில்லை. அதன்பின் பந்துகள் எங்கே வந்து நிற்கும் என்பதையும் முன்னரே கணிக்கிறான். அமெரிக்கப் பூல் ஆட்டத்தில் 1954-இல் தொடர்ந்து 526 பந்துகளை வீழ்த்திய வில்லி மாஸ்கோனிக்கும் இதுவே நெறி.

தொள்ளாயிரத்தைத் தாண்டியபின் கையை நடுங்கச் செய்வது பந்தன்று. ஆயிரம் என்னும் நினைவே. அந்நினைவை அடக்கியவருக்கே ஆயிரம் வசமாயிற்று.