ஆண்களும் தைராய்டும்

கழுத்தின் முன்புறம், குரல்வளையை ஒட்டி இருக்கும் சிறு சுரப்பி தைராய்டு. அதன் கோளாறு பெண்களுக்கு உரியது என்பது பொதுவான எண்ணம். தைராய்டு சுரப்புக் குறைவு பெண்களிடமே பல மடங்கு அதிகம் என்பதால் அந்த எண்ணத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆண்களுக்கு வரும்போதுதான் அது எளிதில் கண்டுபிடிக்கப்படுவதில்லை. தீராத அசதி, எடை ஏறுதல், மனச்சோர்வு, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை ஆகியவை வயதின் கணக்கில் எழுதப்படுகின்றன. அல்லது ஆண்மைக்கான ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிட்டதாக முடிவு கட்டப்படுகிறது. இரண்டு குறைபாடுகளுக்கும் இந்த அறிகுறிகள் பொது. குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, நாடித் துடிப்பு மந்தம் சேர்ந்திருந்தால் தைராய்டின் மீது சந்தேகம் வலுக்கும்.

இரண்டுக்கும் உள்ளே தொடர்பும் உண்டு. டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டே செல்கிறது. ஒட்டாமல் தனித்திருப்பது சுமார் 2 சதவீதம். அந்தப் புரதங்களுள் முக்கியமான ஒன்றைக் கல்லீரல் உருவாக்குவது தைராய்டு ஹார்மோனின் தூண்டுதலால்தான். தைராய்டு சுரப்பு குறைந்தால் அந்தப் புரதம் குறையும். விரைகளில் பழுதே இல்லாமல், பரிசோதனையில் மொத்த டெஸ்டோஸ்டிரோனும் குறைவாகத் தெரியும். குறைபாடு கடுமையானால் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கக்கூடும். அப்போது விரைகளுக்குச் செல்லும் தூண்டுதலே மட்டுப்படும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் கதை தலைகீழ்: மொத்த அளவு உயர்ந்திருக்கும், ஆனாலும் சில ஆண்களுக்கு மார்பகம் பெருக்கும்.

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்திலும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும். எனவே காலையில், வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதே முறை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமைக் கீழ் எல்லையாகக் கொள்கிறது. காய்ச்சலும் தூக்கமின்மையும்கூட இந்த அளவைத் தற்காலிகமாக இறக்கிவிடும் என்பதால் ஒரே ஒரு மாலைநேரப் பரிசோதனையை நம்பி மருந்து தொடங்குவது அவசரம். கூடவே தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பரிசோதனையும் தேவை, பெரியவர்களுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இயல்பு.

தைராய்டுதான் காரணம் என்றால், காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் தைராக்சின் மாத்திரையே முதல் சிகிச்சை. தைராய்டு சீரானபின் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவும் தானாக ஏறிவிடுகிறது. நேராக டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்குப் போவதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு: வெளியிலிருந்து வரும் ஹார்மோன், விந்தணு உற்பத்தியை அடக்கிவிடுகிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகளுக்கும் இது பொருந்தும். குழந்தை வேண்டும் என்றிருக்கும் ஆண்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.