கைகளை இழந்த பின்னும்



போரில் காயமுற்ற வீரனின் புண் மருத்துவமனையில் ஆறிவிடும். அதன்பிறகு அவன் எப்படி வாழ்கிறான்? இதைக் காட்டுவதற்காக 1945-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் ஒரு சிறு படம் எடுத்தது. ‘ஒரு சார்ஜண்டின் நாட்குறிப்பு’ என்பது அதன் பெயர்.

அதில் தோன்றுபவர் ஹெரால்ட் ரஸ்ஸல் என்னும் உண்மையான வீரர். 1944 ஜூன் 6-ஆம் நாள், வட கரோலினாவில் ஒரு பயிற்சி முகாமில் வெடிமருந்து வெடித்து, அவர் இரு கைகளையும் இழந்தார். பார்வைக்குக் கைபோலிருக்கும் பிளாஸ்டிக் கையா, வேலைக்கு உதவும் இரும்புக் கொக்கியா என்றபோது, அவர் கொக்கியையே தேர்ந்தெடுத்தார்.

அந்தக் கொக்கி எப்படி வேலை செய்கிறது? தோளில் ஒரு வார். அதிலிருந்து கொக்கிக்கு ஒரு கம்பி. தோளை அசைத்தால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும். மீண்டும் மூடிப் பிடிப்பதற்கு உதவுவது, நமக்கு நன்கு பழக்கமான ரப்பர் வளையமே! கேட்க எளிது; பழகக் கடினம். அன்றாட வேலை ஒவ்வொன்றையும் ரஸ்ஸல் குழந்தையைப் போல் புதிதாகக் கற்றார்.

இப்படத்தைப் பார்த்த இயக்குநர் வில்லியம் வைலர், தம்முடைய 1946-ஆம் ஆண்டுக் கதைப்படத்தில் அவரை நடிக்க வைத்தார். அந்த ஒரே வேடத்திற்கு ரஸ்ஸல் இரண்டு ஆஸ்கார் விருதுகள் பெற்றார். பிற்காலத்தில், உடற்குறையுள்ளோருக்கு வேலை தேடித் தரும் அரசுக் குழுவுக்குத் தலைவரானார்.

அந்தக் கதைப்படத்தில் ஒரு காட்சி. வீடு திரும்பிய மகனின் கொக்கிகளைக் கண்டு தாய் விம்முகிறாள். தீக்குச்சியைக் கூடத் தானே கொளுத்தத் தெரிந்த அந்த மகனை, வீட்டாரின் இரக்கம்தான் வாட்டுகிறது.

தாய்மார்களே, நம் தோட்டங்களிலும் இயந்திரத்தில் கைவிரல் இழந்தவர்கள் உண்டு. அன்பு மிகுதியால் அவர்களுக்குச் சோறு ஊட்டி, திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம். சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். பத்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். மலாக்காவில் 2014-இல் தொடங்கப்பட்ட சொக்சோ மறுவாழ்வு மையம் இத்தகைய பயிற்சி அளிக்கிறது. வேலையில் காயம்பட்டவருக்குச் சொக்சோ காப்பு இருந்தால், அந்த அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பயிற்சியை மருத்துவமனை தரும். அதைப் பழகுவதற்குப் பொறுமையான வீடு வேண்டும். அதை நாம்தான் தரவேண்டும்.