குழந்தைக்கு ஒவ்வாத உணவு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வடபுலம் வந்த தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு உடம்பில் ஏதேனும் கண்டால் முதலில் எழும் சொல், "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பதாகும். தண்ணீரும் காற்றும், கோதுமையும் எருமைப்பாலும் மாறி மாறிக் குற்றவாளிக் கூண்டில் ஏறும். பல வேளைகளில் இவற்றுள் எதுவுமே குற்றவாளி அன்று. குற்றமற்ற உணவைத் தண்டித்து, குற்றமுடையதைத் தங்கள் கையாலேயே ஊட்டிய பெற்றோர் நாங்கள். அந்த அனுபவத்தையும், அதிலிருந்து கற்றுக்கொண்டவற்றையும் இன்று தங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில், தீபாவளித் திருநாளன்று அடுத்த வீட்டார் ஒரு தட்டு இனிப்புக் கொடுத்தனுப்பினர். எங்கள் இளைய மகனுக்கு அப்போது இரண்டரை வயது. வெள்ளித்தாள் ஒட்டிய காஜூ கத்லி ஒரு துண்டை அவன் தின்றான். கால் மணி நேரத்துக்குள் வாயைச் சுற்றிச் சிவந்தது. முதுகிலும் வயிற்றிலும் தடிப்புகள் எழுந்தன. ஒரு முறை வாந்தி எடுத்தான். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஊரிலிருந்த பாட்டியாரிடம் தொலைபேசியில் சொன்னோம். "எருமைப்பால் இனிப்பப்பா அது, பிஞ்சு வயிறு தாங்குமா?" என்றார். எங்களுக்கும் அதுவே சரியெனப் பட்டது. அன்றே பாலை நிறுத்தினோம். பிறகு தயிரையும் நெய்யையும் நிறுத்தினோம். நிறுத்தத் தெரிந்ததே தவிர, அவற்றின் இடத்தில் எதை வைப்பது என்று தெரியவில்லை. இரண்டரை மாதத்தில் குழந்தையின் எடை ஒரு கிலோ குறைந்தது.

அடுத்து வந்தது தைப்பொங்கல். கோவிலில் பிரசாதமாக வெண்பொங்கல் கிடைத்தது. திருநாளும் அதுவுமாக மறுக்க மனமின்றி இரண்டு வாய் ஊட்டினோம். பத்து நிமிடங்கூட ஆகியிராது. குழந்தை இருமத் தொடங்கினான். உதடு வீங்கியது. குரல் கம்மியது. சிறிது நேரத்தில் தோளில் துவண்டு விழுந்தான். ஆட்டோ ஒன்றைப் பிடித்து மருத்துவமனைக்கு விரைந்தோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீராயிற்று. இரவு முழுவதும் அங்கேயே வைத்திருந்து கவனித்தனர்.

அப்போதும் எங்கள் மனம் நெய்யைத்தான் குறை கூறிற்று. மறுநாள் குழந்தை மருத்துவர் வந்து, எழுதுகோலும் தாளுமாக அமர்ந்து, நிதானமாகச் சில கேள்விகள் கேட்டார்.

"தீபாவளிக்கு முதல் நாள்வரை இவன் பால் குடித்து வந்தானா?"

"தினமும் மூன்று வேளை, டாக்டர்."

"ஒரு நாளேனும் தடிப்போ வாந்தியோ வந்ததுண்டா?"

"இல்லை."

"அப்படியானால் பாலின்மீது வழக்கு நிற்காது. கத்லியிலும் பொங்கலிலும் பொதுவாக இருந்தது எது?"

விடை எங்கள் நாவிலேயே இருந்தது. காஜூ கத்லி அரைத்த முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம். பொங்கலில் நெய்யில் வறுத்த முந்திரி. அதற்கு முன் அவன் முந்திரி தின்றதில்லையா என்றால், இல்லை. தொண்டையில் சிக்குமென்று அஞ்சி, பாயசத்தில் மிதக்கும் முந்திரியை எடுத்துவிட்டே அவனுக்கு ஊட்டி வந்தோம். நான்கைந்து வாரங்கழித்துத் தோலில் செய்த சோதனையும், மருத்துவர் ஐயுற்றதையே உறுதி செய்தது. அன்றே அவனுக்குப் பால் திரும்பக் கிடைத்தது.

இனி, ஒவ்வாமை என்பது யாது எனச் சற்றுப் பார்ப்போம். 1902-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஷார்ல் ரிஷே, போர்த்தியே என்பவரோடு சேர்ந்து, முதல் முறை தீங்கு செய்யாத சிற்றளவு நஞ்சு, சில வாரங்கழித்து மறுமுறை செலுத்தப்படும்போது உயிரையே பறிக்கக்கூடும் எனக் கண்டார். இதற்காக 1913-இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-இல் படைத்தவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் பிர்க்கே. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தீங்கற்ற உணவின் புரதத்தைப் பகைவனென மயங்கிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. அப்போருக்குத் துணைபோகும் 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருளை 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானிய அறிஞர்களான இஷிஸாகா தம்பதியரும் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களும் கண்டறிந்தனர்.

உணவுக்குப் பின் வரும் தொல்லை யாவும் ஒவ்வாமை அன்று என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காவிடில் வயிறு உப்பும், பேதியாகும். ஆனால் தடிப்போ மூச்சுத்திணறலோ வாரா. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குச் சில வாரங்கள் இந்நிலை இருந்து, தானே நீங்குவதும் உண்டு. தோலில் தடிப்பு எழுவதற்கும் உணவே காரணமென்று துணியலாகாது. குழந்தைகளுக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சலோடு தடிப்பு வருவது மிகவும் பொதுவானது.

வடக்கே வாழ்வோர் கோதுமையைப் பற்றித் தனியே அறிந்திருத்தல் நன்று. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம், சிலருக்குக் குடலின் உட்பரப்பைச் சிதைக்கிறது. இதனைச் சீலியாக் நோய் என்பர். கோதுமை மிகுதியாக உண்ணும் வடமாநிலங்களில் இது கூடுதலாகவும், தென்மாநிலங்களில் அரிதாகவும் காணப்படுகிறது. நீங்காத பேதி, வளர்ச்சிக் குறைவு, இரத்தச் சோகை ஆகியவை இதன் அடையாளங்கள். இங்கே ஒரு செய்தி மிக முக்கியம். ஐயம் எழுந்தவுடன் சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் பிறகு இரத்தச் சோதனைக்குச் சென்றால், நோய் இருந்தும் சோதனையில் தெரியாமற்போகலாம். கோதுமை உண்டுவரும் காலத்திலேயே சோதனை செய்துகொண்டு, அதன் பின்னரே நிறுத்துவதைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

ஐயம் எழுந்தால் செய்யவேண்டியது யாது? ஒரு குறிப்பேடு வாங்குவதே முதல் வேலை. குழந்தை எதைத் தின்றது, எவ்வளவு தின்றது, எத்தனை நிமிடத்தில் என்ன கண்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, அதே உணவை முன்பு தின்றபோது என்ன நடந்தது, அன்று காய்ச்சலோ மருந்தோ இருந்ததா என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். விரைந்து தோன்றும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வெளிப்படும். உண்ணும் ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்ப வரும். தடிப்பைக் கைப்பேசியிற் படம் எடுத்துக்கொள்வதும் நன்று. மருத்துவர் பார்க்கும்போது அது மறைந்துவிட்டிருக்கும். கடையில் வாங்கிய பண்டமாயின் உறையைத் தூக்கி எறியாமல் உடன் கொண்டுபோக வேண்டும்.

சோதனைகளைப் பற்றி ஒரு சொல். தோற்சோதனையும் ஐஜிஇ இரத்தச் சோதனையும் பயனுள்ளவை. ஆயினும், அவை மட்டுமே தீர்ப்பாகா. சோதனையில் எதிர்வினை காட்டிய உணவை எவ்விதத் தொல்லையும் இன்றி உண்ணும் குழந்தைகள் பலர். நடந்த வரலாற்றோடு பொருந்தினால்தான் அதற்குப் பொருள் உண்டு. நூறு உணவுகளை ஒரே முறையில் சோதித்துத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் 'ஐஜிஜி' சோதனைகளை நம்பி உணவை நிறுத்துதல் கூடாது. அந்த எதிர்ப்பொருள் ஓர் உணவை உண்டு பழகியதற்கு அடையாளமே அன்றி நோய்க்கு அடையாளம் அன்று. இதனாலேயே ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அச்சோதனையை ஏற்பதில்லை.

கரப்பான் போன்ற மெல்ல வரும் தொல்லைகளுக்கு, ஐயப்படும் ஒரே ஓர் உணவை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, பின்னர் மீண்டும் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். இதனையும் மருத்துவரின் ஆலோசனையோடு செய்தல் வேண்டும். ஒரே சமயத்தில் நான்கு உணவை நிறுத்தினால் எது காரணம் என்று விளங்காது. குழந்தை மெலிவதுதான் மிச்சம். உடனே தடிப்போ, வாந்தியோ, மூச்சுத்திணறலோ உண்டாக்கிய உணவை, "சிறிது கொடுத்துப் பார்ப்போமே" என்று வீட்டில் ஒருபோதும் கொடுக்கலாகாது. எங்கள் மகனுக்கு முதல் முறை தடிப்போடும் வாந்தியோடும் நின்றது. இரண்டாம் முறை உயிரைத் தொட்டது. முதல் முறை லேசாக இருந்ததால் அடுத்ததும் லேசாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அபாய அறிகுறிகளை வீட்டிலுள்ள யாவரும் அறிந்திருக்க வேண்டும். மூச்சிரைப்பு, விடாத இருமல், குரல் மாற்றம், நாக்கு வீக்கம், வெளிறிப்போதல், துவண்டு விழுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 112 என்ற எண்ணை அழைக்கலாம். குழந்தையை நடக்க விடாமல் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும், மூச்சுத்திணறினால் உட்காரவைக்கலாம். இந்நிலைக்குரிய மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றே. அரிப்புக்குக் கொடுக்கும் மருந்து தடிப்பை அடக்குமேயன்றி மூச்சைக் காக்காது. சரியாகிவிட்டதென்று உடனே வீடு திரும்புவதும் தவறு; சில மணி நேரங்கழித்து அறிகுறிகள் மீண்டும் எழுவதுண்டு.

காரணம் தெரிந்த பின், காப்பது நம் பொறுப்பு. மொழி மாறிய இடத்தில் இது எளிதன்று. நம் தமிழிலேயே 'கடலை' என்ற ஒரு சொல் வேர்க்கடலைக்கும் வரும், கொண்டைக்கடலைக்கும் வரும். வங்கத்தில் வேர்க்கடலைக்குச் 'சீனாபாதாம்' என்று பெயர். 'பாதாம்' என்ற சொல்லைக் கேட்டு வாதுமை என்று எண்ணினால் ஏமாறுவோம். எள்ளுக்கு இந்தியில் 'தில்'. மகர சங்கராந்தியிலும் லோஹ்ரியிலும் அண்டை வீட்டிலிருந்து வரும் கஜக், ரேவடி ஆகியவை எள்ளும் வேர்க்கடலையும் சேர்ந்தவை. வடநாட்டு உணவுவிடுதிகளில் குழம்பு கெட்டிப்பட அரைத்த முந்திரியைச் சேர்ப்பது வழக்கம். கண்ணுக்கு அது தெரியாது. முந்திரி ஒவ்வாத குழந்தைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒவ்வாது. பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு எருமைப்பாலோ ஆட்டுப்பாலோ மாற்றாகாது.

ஆகவே, குழந்தைக்கு ஒவ்வாத பொருளின் பெயரை நம் மொழியில் மட்டுமன்றி, வாழும் ஊரின் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டையில் எழுதி, பள்ளி ஆசிரியை, வீட்டு வேலைக்கு வரும் அம்மையார், அடுத்த வீட்டார் ஆகியோரிடம் கொடுத்து வைப்பது நன்று. உறைகளில் வரும் உணவுகளுக்கு 2020-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச்சீட்டு விதிகள், குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைப் பருப்புகள், சோயா ஆகியவை இருப்பின் தனியே குறிப்பிட வேண்டுமெனப் பணிக்கின்றன. அப்பட்டியலில் எள் இடம்பெறவில்லை. எள் ஒவ்வாதோர் சேர்மானங்கள் முழுவதையும் படித்தல் வேண்டும்.

அச்சத்தால் எல்லாவற்றையும் விலக்குவதும் நன்றன்று. 2015-இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 கைக்குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வேர்க்கடலை உணவு முறையாக ஊட்டப்பட்டது, மற்றவர்க்கு விலக்கப்பட்டது. ஐந்து வயதில், விலக்கியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. உண்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. முன்கூட்டியே விலக்கி வைப்பது காப்பாகும் என்ற பழைய கருத்து மாறிவிட்டது. கரப்பான் மிகுந்த குழந்தையாயின் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். சிறு குழந்தைக்கு முழுப் பருப்பாக அல்லாமல், அரைத்தே கொடுக்க வேண்டும்.

பால், முட்டை ஆகியவற்றின் ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். கொட்டைப் பருப்புகளின் ஒவ்வாமை பெரும்பாலும் நிலைத்துநிற்கும். எங்கள் மகனுக்கு நீங்கவில்லை. ஆனால் அவன் இப்போது நன்றாகப் பால் குடித்து வளர்ந்திருக்கிறான். சென்ற தீபாவளிக்கும் அடுத்த வீட்டிலிருந்து தட்டு வந்தது. தட்டைக் கொணர்ந்த மாமியிடம், "இஸ்மே காஜூ ஹை க்யா, ஆன்ட்டி?" என்று அவனே கேட்டான். அவர் சிரித்து, அவனுக்கென்று தனியே கட்டிக் கொணர்ந்த பேசன் லட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

அண்டை அயலார்க்குச் சொல்லி வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, நேயர்களே. சொல்லாமல் இருப்பதில்தான் அபாயம் இருக்கிறது.